குடிப்பவன் நோயாளியா, பாவியா?

“மகன் குடிக்கிறான். டொக்டர் அதை வருத்தம் என்கிறார், ஊரார் பாவம் என்கிறார்கள். எதை நம்புவது?” இப்படிக் கேட்கும் தாய்மார் நமது ஊர்களிலும் உண்டு. முஸ்லிம்களிடம் இந்தப் பழக்கம் இல்லை என்று மேடையில் பெருமை பேசுகிறோம். கீழே தலைகுனிந்திருக்கும் அந்தத் தாய் நம் கண்ணில் படுவதில்லை.

மது ஹராம். ஸூரத்துல் மாயிதாவின் 90, 91ஆம் வசனங்களுக்குப் பின் அதில் பேச்சுக்கே இடமில்லை. மருந்துக்காகத்தான் மது தயாரிக்கிறேன் என்ற தாரிக் இப்னு ஸுவைத் (ரழி) அவர்களிடம், அது மருந்தல்ல, நோய் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அங்கே நோய் எனப்பட்டது மதுதான். மதுவுக்கு அடிமையானவனை நோயாளி என்று வைத்திய உலகம் சொல்லத் தொடங்கியது மிகப் பிந்தியே. 1956இல் அமெரிக்க வைத்தியர் சங்கம் அதை நோயாக ஏற்றது. 1960இல் ஜெலினெக் என்பவரின் நூல் அக்கருத்தைப் பரப்பியது. நோய் என்றால் குடிப்பவனின் பொறுப்பு நீங்கிவிடுமே என்று அஞ்சியவர்களும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

நமது இமாம்கள் அந்தப் பொறுப்பை எளிதில் நீக்கவில்லை. தானாக விரும்பிக் குடித்தவன் போதையில் சொல்லும் தலாக்கும் நிகழ்ந்துவிடும் என்பதே ஷாபிஈ மத்ஹபின் பலமான கூற்று. (நிகழாது என்பது உஸ்மான் (ரழி) அவர்களின் கருத்து. அது பெரிய விடயம், இங்கே விரிக்க இடமில்லை.) ஆகவே “எனக்கு வருத்தம்” என்று சொல்லிக்கொண்டு மனைவியை அடிப்பவனுக்கு மார்க்கத்தில் ஒதுங்க இடமில்லை. அதையும் அவள் ஸப்ர் செய்ய வேண்டும் என்போர் எந்தக் கிதாபில் படித்தார்களோ!

ஆனால் ஸஹீஹுல் புகாரியில் இன்னொரு சம்பவமும் உண்டு. அப்துல்லாஹ் என்ற ஒரு ஸஹாபி குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்டார். ஒருவர் அவரைச் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். தண்டனை இருந்தது, சாபம் இருக்கவில்லை. நாமோ தண்டிக்கவும் மாட்டோம், திருத்தவும் மாட்டோம். சபிக்க மட்டும் முந்திக்கொள்வோம். குடித்தவனின் தொழுகை நாற்பது நாட்கள் ஏற்கப்படாது என்ற ஹதீஸைக் கேட்டுவிட்டு, பள்ளிவாசல் பக்கம் வராதே என்று விரட்டுபவர்களும் உண்டு. நன்மை கிடைக்காது என்பதே அதன் கருத்து, தொழுகைக் கடமை நீங்காது என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள்.

தாய்மாரும் மனைவிமாரும் அவசியம் அறிய வேண்டியது இனித்தான் வருகிறது. பல வருடங்களாகத் தினமும் அதிகமாகக் குடித்தவன் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். றமழான் பிறந்ததும் விட்டுவிடுபவர்கள் உண்டு. வீட்டார் அறையில் பூட்டிவைப்பதும் உண்டு. சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு இல்லாத பூச்சிகளும் உருவங்களும் தெரியும், ஆள் பிதற்றுவார். ஜின் என்று எண்ணி ஓதிப் பார்க்க ஆள் தேடி நேரத்தைக் கழிக்கிறோம். ஓதுவதைத் தடுக்கவில்லை, வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே ஓதலாம். அங்கே அமைதிப்படுத்தும் மருந்தும் தயமின் என்ற விற்றமின் ஊசியும் கொடுத்து ஆளைக் காப்பாற்றுகிறார்கள். குடியை விட விரும்புபவன் முதலில் வைத்தியரிடம் சொல்லிவிட்டே விட வேண்டும்.

சோற்றில் இரகசியமாகக் கலந்து கொடுக்கும் மாத்திரை பற்றியும் கேட்கிறார்கள். டைசல்பிராம் என்ற அந்த மருந்து ஈரலில் மது முழுதாக உடைவதைத் தடுக்கிறது. அதற்கு மேல் குடித்தால் வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி எல்லாம் வரும், மரணமும் நேர்ந்திருக்கிறது. அவருக்குத் தெரியாமல் அதைக் கொடுக்கக் கூடாது. அவரே சம்மதித்து, வைத்தியரின் கண்காணிப்பில் எடுக்க வேண்டிய மருந்து அது. அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவில் இதற்குக் காசு கேட்பதில்லை. அவர் வர மறுத்தால், முதல் தடவை நீங்கள் மட்டுமாவது போய் விபரத்தைச் சொல்லுங்கள்.