முதல் கவளம்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு மாலை வேளை, எம் பங்கைச் சேர்ந்த விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் இல்லத்தை மந்திரிக்கச் சென்றிருந்தேன். தறியின் ஓசைக்கு நடுவே, தூளியில் எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று விழித்தபடி கிடந்தது. அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. எட்டு மாதக் குழந்தைக்கு இவ்வளவு அமைதி ஆகாதென்று அன்று எனக்குத் தோன்றவில்லை. ‘அடக்கமான பிள்ளை’ என்று பாராட்டினேன்.

குழந்தையின் ஆத்தா அருகில் வந்து, “ஏனுங்க சாமி, பேத்திக்கு மொதச் சோறு மாதா கோயில்லதான் ஊட்டோணும்னு நேந்துக்கிட்டோமுங்க. அக்டோபர் திருநாள் வரைக்கும் பாலும் கஞ்சித் தண்ணியுந்தானுங்க” என்றார். ‘நல்ல எண்ணம்தான்’ என்று கூறி, குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து விடைபெற்றேன். அந்த ஒரு சொல்லுக்காக இன்றளவும் வருந்துகிறேன்.

இரண்டு வாரம் சென்றபின், குழந்தையின் தாய் கண்ணீருடன் பங்கு இல்லத்துக்கு வந்தார். காய்ச்சலுக்காக மருத்துவரிடம் காட்டப் போன இடத்தில், குழந்தைக்குக் கடும் இரத்தசோகை என்றும், மூன்று மாதமாக எடை ஏறவே இல்லை என்றும் சொல்லிவிட்டார்களாம். “சோறு குடுக்கச் சொல்றாங்க சாமி. ஆனா நேர்ச்சை இருக்குதுங்களே, நான் என்ன பண்றதுங்க?” என்று கேட்டார். பால்குடிக்கும் ஒரு குழந்தையின் பசிக்கும் எங்கள் பக்திக்கும் இடையே அந்த இளந்தாய் தவித்து நின்றாள். அன்றிரவு நான் உறங்கவில்லை. மறுநாள் முதல், அறிந்தவர்களிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டவற்றையே இல்லத்தாய்மார்களுக்கும், அவர்களைவிட முக்கியமாகப் பாட்டிமார்களுக்கும் தந்தையருக்கும் இங்கே எழுதுகிறேன்.

ஆறு மாதம் என்னும் எல்லை

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் நிறைந்ததும் பாலோடு திட உணவு. இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம். இதுவே இன்று மருத்துவ உலகம் பொதுவாகக் கூறும் முறை. முன்னாளில் நான்காம் மாதத்திலேயே தொடங்கலாம் என்று மருத்துவ நூல்கள் எழுதின. 2001-ஆம் ஆண்டு உலகச் சுகாதார மாமன்றம் ஆறு மாதம் என்று வரையறுத்தது. ஆகவே, நான்காம் மாதத்தில் ஊட்டிய பாட்டியரை நாம் குறை கூறலாகாது. அவர்கள் தம் காலத்து அறிவின்படி செய்தார்கள்.

ஆறு மாதத்துக்குப் பின் பால் மட்டும் ஏன் போதாது? தாயின் வயிற்றில் இருந்த கடைசி மாதங்களில் குழந்தை இரும்புச் சத்தைத் தன் உடலில் சேமித்துக்கொண்டு பிறக்கிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் கரைந்துவிடும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு எளிதில் செரித்து உடலில் சேருமாயினும் அதன் அளவு மிகக் குறைவு. மேலும், ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குப் பால் தருவதற்கு மேல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரி தேவை. ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் 300. இரண்டாம் ஆண்டில் 550. மூளை விரைந்து வளரும் காலமும் இதுவே. இந்தப் பருவத்தில் ஏற்படும் இரும்புக் குறை, உடல் தேறிய பின்னும் குழந்தையின் கற்கும் ஆற்றலைப் பாதிக்கக்கூடும்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை. தமிழகத்தில் 57 பேருக்கு. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பாலோடு திட உணவும் பெறுவோர் நாட்டில் பாதிப்பேர்கூட இல்லை.

மாந்தம் என்னும் அச்சம்

நேர்ச்சையை நீக்கிப் பார்த்தாலும், பாட்டியரின் உள்ளத்தில் வேறோர் அச்சம் உண்டு. ‘பல் முளைக்காத பிள்ளைக்குச் சோறு கொடுத்தால் மாந்தம் தட்டும்’ என்பார்கள். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. வயிற்றுப்போக்கில் பேரப்பிள்ளைகளைப் பறிகொடுத்த தலைமுறையின் நினைவு அது. ஆனால் குற்றவாளி சோறன்று. காய்ச்சாத தண்ணீரும், கழுவாத கையும், காலையில் ஆக்கி மாலைவரை மூடிவைத்த கஞ்சியும், சரிவரக் கழுவ முடியாத புட்டியும்தாம். குழந்தை மென்பது ஈறுகளால். பல்லுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தலை நிலையாக நின்று, சாய்வு கொடுத்தால் உட்கார்ந்து, நாம் உண்ணும்போது கைநீட்டி வாயசைத்தால், குழந்தை ஆயத்தமாகிவிட்டது என்று பொருள்.

1970-களின் தொடக்கத்தில் தமிழகத்தில் நடந்த ஊட்டச்சத்து ஆய்வொன்று, வீட்டில் போதிய உணவு இருந்தும் அது சிறு குழந்தையை உரிய காலத்தில் சென்றடையாததைச் சுட்டிக்காட்டியது. அதன் பயனாக 1980-ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில், உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துணவு கொடுத்துத் தாய்க்கும் அறிவுரை கூறினார்கள். கடுமையான ஊட்டக்குறை குறைந்தது கண்டு பல நாடுகள் அதைப் படித்தன. எடைபோடுதல் என்னும் எளிய செயலுக்கு அத்தனை வலிமை. நம் வீட்டுக் குழந்தையின் எடை அட்டை எங்கே இருக்கிறது என்று இதைப் படிக்கும் தந்தையர் இப்போதே எழுந்து தேடிப் பார்ப்பார்களாக!

கஞ்சித் தண்ணீரா, குழைந்த சோறா?

அந்த வீட்டில் குழந்தைக்கு ஒன்றுமே கொடுக்காமல் இல்லை. கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். தவறு அங்கேதான் இருந்தது. குழந்தையின் இரைப்பை, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 30 மில்லி அளவே கொள்ளும். ஏழு கிலோக் குழந்தையின் வயிறு ஒரு தம்ளருக்குள் நிறைந்துவிடும். அந்தத் தம்ளர் முழுவதும் தண்ணீரானால் வயிறு நிறையும், உடல் நிறையாது. கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல், மெல்ல நழுவும் பதத்தில் உணவு இருக்க வேண்டும். அதில் ஒரு சிறு கரண்டி நெய்யோ எண்ணெயோ கலந்தால், அளவு கூடாமல் சக்தி கூடும்.

களி கெட்டியாகிறது, குழந்தை விழுங்கவில்லை என்பவர்களுக்கு நம் முன்னோர் முறை ஒன்றுண்டு: கேழ்வரகை இரவில் ஊறவைத்து, துணியில் கட்டி முளைகட்டி, வெயிலில் உலர்த்தி, இலேசாக வறுத்து அரைப்பது. முளைவிடும் தானியத்தில் மாப்பொருளைச் சிதைக்கும் நொதி பிறக்கிறது. அதனால் தண்ணீரைக் கூட்டாமலே கூழ் இளகும். ஒரே கிண்ணத்தில் அதிக மாவைச் சேர்க்கலாம். பரோடாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் தாரா கோபால்தாஸ் 1980-களில் இதனை ஆராய்ந்து உலகறியச் செய்தார். தவிர, நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு; தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவே.

கோவை தந்த குழந்தை அமுது

விலையுயர்ந்த டப்பா மாவே பிள்ளைக்கு உகந்தது என்று எண்ணும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் நம் கோயம்புத்தூரின் பெருமை ஒன்றை அறிய வேண்டும். 1957-இல் தொடங்கப்பட்டு, 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியை நெடுங்காலம் வழிநடத்தியவர் ஊட்டச்சத்து அறிஞர் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ். ஏழை வீட்டிலும் செய்யத்தக்க ‘குழந்தை அமுது’ என்னும் கலவை அக்கல்லூரியிலேயே உருவாயிற்று. சோளம், கேழ்வரகு போன்ற தானியம், பயறு, நிலக்கடலை, வெல்லம் ஆகியவையே அதன் பொருள்கள். வெல்லம் தவிர மற்றவை கொங்கு மண்ணின் மானாவாரிக் காடுகளில் விளைபவை! தானியத்தில் குறையும் புரதக் கூறு பயறில் இருக்கிறது. பயறில் குறைவது தானியத்தில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. நல்ல இல்லறத்தைப் போல. இன்று மருத்துவர்கள் இனிப்பையும் உப்பையும் முதல் ஆண்டில் தவிர்க்கச் சொல்வதால், வெல்லத்தை விட்டு, மசித்த பழத்தைச் சேர்க்கலாம்.

அதனினும் எளிய வழி நம் அடுப்பிலேயே இருக்கிறது. நம் வட்டாரத்து அரிசியும் பருப்புச் சாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாயும் உப்பும் சேர்க்குமுன் ஒரு கை அரிசியையும் பருப்பையும் தனியே குழைய வேகவைத்து, அதில் பரங்கிக்காயோ கேரட்டோ முருங்கைக்கீரையோ மசித்து, நெய்விட்டால் குழந்தையின் விருந்து ஆயத்தம். நன்கு வேகவைத்த முட்டையை ஆறு மாதம் நிறைந்ததும் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வசதிப்படும்போது முள் நீக்கிய மீன், மசித்த ஈரல் இவற்றையும் கொடுக்கலாம். இரும்புச் சத்துக்கு இவை மிக நல்லவை. கீரை, பயறு இவற்றிலுள்ள இரும்பு உடலில் சேர எலுமிச்சைச் சாறு சில துளிகளோ, கொய்யாவோ, ஆரஞ்சோ துணைசெய்யும். வாழைப்பழமும் பப்பாளியும் மசித்த உடனே ஊட்டத்தக்கவை.

அங்கன்வாடி மையங்களில் ஆறு மாதம் நிறைந்த குழந்தைகளுக்குச் சத்துமாவு விலையின்றி வழங்கப்படுகிறது. கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் இரும்புச் சத்து மருந்தும் கிடைக்கும். அவர் சொல்லும் அளவிலேயே அதைக் கொடுக்க வேண்டும். இவற்றை வாங்கிக்கொள்ள வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

ஊட்டும் முறை

முதல் நாள் இரண்டு மூன்று சிறு கரண்டி போதும். நாளுக்கு இருமுறை தொடங்கி, எட்டு மாதத்துக்குள் மூன்று முறையாக்கி, அரைக் கிண்ணம்வரை உயர்த்தலாம். ஒன்பதாம் மாதம் முதல் மூன்று நான்கு வேளை. இடையே பழம் போன்ற சிறு தின்பண்டம். எட்டாம் மாதத்தில் வெந்த காய்த்துண்டைக் கையில் கொடுத்தால் தானே கடிக்கப் பழகும். ஓராண்டு நிறையும்போது குடும்பத்தார் உண்பதையே, காரம் குறைத்துக் கொடுக்கலாம்.

முகஞ்சுளித்துத் துப்பினால் ‘பிடிக்கவில்லை’ என்று விட்டுவிடாதீர்கள். புதுச் சுவை எட்டுப் பத்து முறை நாவில் பட்டபின்னரே பழகும். அதற்காகக் காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றும் கொடுமை வேண்டாம். புரையேறி உயிருக்கே ஆபத்தாகலாம். கைப்பேசியில் படம் காட்டி ஊட்டும் இக்காலப் பழக்கமும் வேண்டாம். குழந்தை காண வேண்டியது உங்கள் முகத்தை. தேன் ஓராண்டுக்குமுன் ஆகாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் சிசுவுக்கு நஞ்சாகும். நிலக்கடலையைப் பொடித்தோ அரைத்தோ கொடுக்கலாம். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு கண்டால் உணவை நிறுத்தாமல், சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். நோய் தீர்ந்தபின் சில நாள் ஒரு வேளை கூட்டிக் கொடுங்கள்.

நேர்ச்சை நிறைவேறிய விதம்

மறுநாள் அந்த வீட்டுக்கு மீண்டும் சென்றேன். என் தவற்றை முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு ஆத்தாவிடம், “நேர்ச்சை மாதாவுக்குச் செய்தது, பசி குழந்தையுடையது. எந்தத் தாயும் ஒரு பிள்ளையின் பசியைக் காணிக்கையாகக் கேட்பாளா, ஆத்தா?” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. தறி நின்றிருந்தது. பின்னர் எழுந்து சமையலறைக்குள் சென்றார். குழைந்த பருப்புச் சோறு ஒரு சிறு கிண்ணத்தில் வந்தது. அதை நான் மந்திரித்தேன். முதல் கவளத்தை ஆத்தாவே ஊட்டினார். குழந்தை துப்பியது, இரண்டாம் முறை விழுங்கியது.

மருத்துவர் தந்த மருந்தும் தாயின் கையும் சேர்ந்து, அக்டோபர்த் திருநாளுக்குள் குழந்தையின் கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது. திருத்தலத்து முற்றத்தில் ஆத்தாவின் இடுப்பில் அமர்ந்து, அடங்காமல் என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அருகில் இன்னொரு மூதாட்டி, தம் பேரனுக்கும் இவ்வாறே நேர்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னபோது, ஆத்தா சட்டென்று மறித்தார்: “அக்கா, மாதா கோயில்ல ஊட்டறது பொங்கலுங்க. சோறு ஆறு மாசத்துலயே ஊட்டிப்போடோணும்!”

திருமுழுக்குக்குப் பெயர் பதிய வரும் பெற்றோரிடம் குழந்தை பிறந்த தேதியை எப்போதும் கேட்பேன். இப்போது இன்னொரு தேதியையும் கணக்கிட்டுச் சொல்கிறேன்: ஆறு மாதம் நிறையும் நாள். வீட்டு நாட்காட்டியில் அதைக் குறித்துவைத்துவிட்டு வருமாறு தந்தையை அனுப்புகிறேன்.