நோய்க்குப் பின் ஒரு புதிய தொழில்



2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதே மழையில் புளத்கொஹுபிட்டிய களுபஹனவில் லயன் வீடுகள் மண்ணில் புதைந்தன. இவ்வாறு வீட்டையும் காணியையும் இழந்து இடம்பெயர்ந்த குடும்பத்தில் உழைப்பவர் நோயிலும் விழுந்தால் என்ன செய்வது? பால் வெட்டியவருக்கு நெஞ்சு நோய், கொழுந்து பறித்தவருக்கு முதுகு வலி, வயலில் இறங்கியவருக்கு எலிக்காய்ச்சல் எனப் பழைய தொழில் கைவிட்டுப் போகலாம். புதிய தொழிலைத் தொடங்குமுன் கவனிக்க வேண்டியவற்றைப் பார்ப்போம்.

1. உரிய பணத்தைப் பெறுதல்

வேலையை விட்டு விலகும் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையொப்பம் இடக்கூடாது. வேலை செய்யும்போது காயம் ஏற்பட்டிருந்தால், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரலாம். இனி எவ்வேலையும் செய்ய இயலாது என வைத்தியர் சான்று அளித்தால், வயது வருமுன்னரே ஊழியர் சேமலாப நிதியைப் பெறலாம். பதினைந்து பேருக்குக் குறையாத தொழிலாளர் உள்ள இடத்தில் ஐந்து வருடம் வேலை செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. நாட்கூலி பெறுபவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் என 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. தாமாக விலகினாலும் இது உரியதே. வைத்தியசாலைத் துண்டுகளையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்து, தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் அல்லது தொழிற்சங்கத்தில் விசாரிப்போம்.

2. உடலுக்கு ஏற்ற தொழில்

அயலவர் செய்து இலாபம் பெற்ற தொழில் நமது உடலுக்கும் ஏற்றது என்று கூறமுடியாது. சிப்பிக் காளான் வளர்ப்பை எடுத்துக்கொள்வோம். இறப்பர் மரத்தூள் 10 கிலோவுக்குத் தவிடு 1 கிலோ, பயற்றம்மா 100 கிராம், கல்சியம் காபனேற்று 200 கிராம், மக்னீசியம் சல்பேற்று 20 கிராம் சேர்த்து நீர் தெளித்துப் பிசைந்து, பைகளில் நிரப்பி, பீப்பாவில் ஆவியில் அவித்து, ஆறியபின் வித்து இடவேண்டும். சிறிய கொட்டில் போதும், காணி தேவையில்லை. ஆயினும் காளானின் நுண்ணிய வித்துத்தூள் நெஞ்சுக்குள் செல்லும். ஆஸ்துமா உள்ளவரும் காசநோயில் இருந்து தேறியவரும் இதைத் தவிர்ப்பது நல்லது.

அத்தகையவருக்குத் தேயிலை நாற்றுமேடை பொருந்தலாம். தாய்ச் செடியில் இருந்து ஓர் இலையுடன் வெட்டிய தண்டைப் பொலித்தீன் பையில் நட்டு, நிழலில் ஏறக்குறைய ஒரு வருடம் வளர்க்க வேண்டும். வெட்டுவதும் நடுவதும் அமர்ந்து செய்யும் வேலை. மண் சுமப்பதை வீட்டில் உள்ள இளையோர் செய்யட்டும். விற்பனைக்கு வளர்க்குமுன் தேயிலை சிறு தோட்ட அபிவிருத்தி அதிகார சபையினரிடம் ஆலோசனை கேட்போம்.

எலிக்காய்ச்சல் ஒருமுறை வந்தவருக்கு மீண்டும் வராது என்பது தவறு. வயலுக்கோ மாணிக்கக் குழிக்கோ திரும்பவேண்டி இருந்தால், முன்னதாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு தடுப்பு மாத்திரை பெறவேண்டும்.

3. சிறிதாகத் தொடங்குதல்

கிடைத்த பணம் முழுவதையும் முதலில் போடவேண்டாம். ஐம்பது பையுடன் தொடங்கி, செலவையும் வரவையும் கொப்பியில் எழுதுவோம். மாதமுடிவில் கணக்கையும் உடல்நிலையையும் சேர்த்துப் பார்த்து, இரண்டும் இடங்கொடுத்தால் மட்டும் தொழிலைப் பெருக்குவோம்.