இரண்டு பழங்களும் ஒரு தீர்மானமும்

தீர்மானம் நிறைவேற்றுவது நமக்குப் புதிதல்ல, தோழர்களே! மாநாடு கூடும். ஒருவர் முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார். கையொலி வானைப் பிளக்கும். உலகத்தில் எந்த மூலையில் அநீதி நடந்தாலும் அதைக் கண்டிக்க நம்மிடம் ஒரு தீர்மானம் உண்டு. மறுநாள் காலை சங்கு ஊதினால் ஆலைக்குப் போவோம். தீர்மானம் அலமாரிக்குப் போகும்.

அயர்லாந்து நாட்டிலும் அப்படித்தான் ஒரு தீர்மானம் நிறைவேறியது. கடைச் சிப்பந்திகளின் சங்கம் ஒன்று 1984ஆம் ஆண்டு தன் மாநாட்டில், "தென்னாப்பிரிக்கப் பண்டங்களை நம் உறுப்பினர்கள் கையால் தொடமாட்டார்கள்" என்று முடிவு செய்தது. நிறவெறி ஆட்சி அங்கே தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்த காலம் அது. முடிவு செய்தவர்களில் எத்தனை பேர், அது ஒரு கடையின் கல்லாப்பெட்டி வரை நடந்து செல்லும் என்று எதிர்பார்த்தார்களோ, நமக்குத் தெரியாது. ஆனால் சென்றது!

டப்ளின் நகரில் ஹென்றி தெரு. அங்கே டன்ஸ் ஸ்டோர்ஸ் என்னும் பெரிய அங்காடி. 1984 ஜூலை 19. கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் மேரி மானிங், வயது 21. வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு கிரேப்ஃபுரூட் பழங்களைக் கொண்டுவந்து வைத்தார். நம் பக்கத்துப் பம்பளிமாசுக்குத் தம்பி முறையாகும் பழம். அதன்மேல் "அவுட்ஸ்பான்" என்ற முத்திரை. தென்னாப்பிரிக்கச் சரக்கு. "மன்னியுங்கள், இதற்கு நான் பில் போட முடியாது" என்றார் மானிங்.

இரண்டே இரண்டு பழங்கள்! அதற்காக அவரைத் தற்காலிக வேலை நீக்கம் செய்தது நிர்வாகம். அவருக்காகக் கூட வேலை செய்த பெண்கள் வெளியே வந்தார்கள். சங்கப் பிரதிநிதி கேரன் கியரன், அவரும் இளம்பெண்தான், முன்னின்றார். பத்துப் பதினொரு பேர், பெரும்பாலும் பெண்கள். அதே நிறுவனத்தின் வேறொரு கிளையிலிருந்து ஓர் இளைஞரும் வந்து சேர்ந்துகொண்டார். வாரத்துக்கு 21 பவுண்டு வேலைநிறுத்தப் படி. இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். முடிய இரண்டு ஆண்டுகளும் ஒன்பது மாதங்களும் ஆயின.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெண்களுக்குத் தென்னாப்பிரிக்காவைப் பற்றி அதிகம் ஒன்றும் தெரியாது. மானிங்கே பின்னாளில் இதை ஒப்புக்கொண்டார். சங்கம் சொன்னது, தோழமைக்குக் கட்டுப்பட்டோம், அவ்வளவுதான். "இவர்களுக்கு என்ன தெரியும், யாரோ தூண்டிவிட்டார்கள்" என்று பேசியவர்களும் உண்டு. எந்த வேலைநிறுத்தத்தின்போதுதான் அந்தப் பேச்சு வரவில்லை!

தெரியாமல் தொடங்கியவர்கள் தெரிந்துகொண்டது எப்படி? புத்தகசாலையில் அல்ல; மறியல் வரிசையில். ஒருநாள் அந்த வரிசையருகே ஒரு கறுப்பு மனிதர் வந்து நின்றார். பெயர் நிம்ராடு செஜாக்கே. டிரான்ஸ்வால் பகுதியில் இரும்பு, எஃகுத் தொழிலாளர்களைச் சங்கத்தில் திரட்டியவர். 1956இல் 156 பேர்மீது தென்னாப்பிரிக்க அரசு தொடுத்த இராஜத்துரோக வழக்கில் அவரும் ஒருவர். நாடு கடந்து, நாடு நாடாக அலைந்து, கடைசியில் அயர்லாந்தில் அகதியாக வாழ்ந்துகொண்டிருந்தார். யாரோ சில வெள்ளை இளம்பெண்கள் தம் மக்களுக்காகத் தெருவில் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தார். வந்தவர், ஒருநாள் வாழ்த்துக் கூறிவிட்டுப் போய்விடவில்லை. மழையிலும் குளிரிலும் அவர்களோடு அட்டையைப் பிடித்து நடந்தார். அவரே அவர்களுக்கு ஆசிரியர்.

அப்போதுதான் அவர்களுக்கு விளங்கிற்று, அந்தப் பழத்துக்குள் என்ன இருக்கிறது என்பது! 1913இல் வந்த நிலச் சட்டமும் அதன்பின் 1936இல் வந்த சட்டமும் சேர்ந்து, நாட்டின் பெரும்பான்மையான ஆப்பிரிக்க மக்களுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 13 பங்கு நிலத்தை மட்டும் ஒதுக்கின. மற்றதெல்லாம் வெள்ளையருக்கு. தன் சொந்த நாட்டில் நகரத்துக்குள் நடமாடக் கறுப்பருக்கு 'பாஸ்' வேண்டும். கையில் அது இல்லையென்றால் சிறை. அந்தப் பாஸ் சட்டத்தை எதிர்த்து 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. 69 பேர் மாண்டனர். கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களிலோ, கூலியின் ஒரு பகுதிக்குப் பதிலாக மட்ட ஒயினை அளந்து ஊற்றும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நடந்தது. கூலிக்காரனைக் குடிகாரனாக்கி, குடிகாரனைக் கொத்தடிமையாக்கும் தந்திரம்! இப்படிப் பறித்த பழம்தான் கப்பலேறி, டப்ளின் கல்லாவில் மினுமினுத்தது.

ஒடுக்கப்பட்டவனுக்கு ஆதரவு தர வருகிறவர்கள் பலவகை. அவனுக்காகப் பேசுவதாகச் சொல்லி அவனையே பேசவிடாதவர் ஒருவகை. தமக்கு எல்லாம் தெரியும் என்று வந்து, அவனுக்கே பாடம் நடத்துபவர் இன்னொரு வகை. ஹென்றி தெருப் பெண்கள் இந்த இரண்டு வகையிலும் சேரவில்லை. செஜாக்கே பேசினார், அவர்கள் கேட்டார்கள். கேட்ட பிறகு, முதல்நாள் சங்கக் கட்டளைக்காக நின்றவர்கள் தம் சொந்த அறிவால் நின்றார்கள். சங்கமே பின்வாங்கியிருந்தாலும் அவர்கள் பின்வாங்கியிருக்க மாட்டார்கள் என்பது நம் எண்ணம்.

துன்பம் கொஞ்சமா? வேலையில்லாத் திண்டாட்டம் அயர்லாந்தை ஆட்டிப்படைத்த ஆண்டுகள் அவை. "இருக்கிற வேலையை எங்கோ இருக்கிற கறுப்பனுக்காக விடுகிறாயா?" என்று ஏசினார்கள். காறித் துப்பியவர்களும் உண்டு. அவர்கள் கேட்டதோ கூலி உயர்வு அல்ல. அந்தச் சரக்கை விற்கவே கூடாது என்றுகூடக் கேட்கவில்லை. "எங்கள் மனச்சாட்சி இடந்தரவில்லை, நாங்கள் அதைத் தொடாமலிருக்க உரிமை கொடுங்கள்" என்றுதான் கேட்டார்கள். அதற்கே அவ்வளவு!

"பண்டங்களை ஒதுக்கினால் பாதிக்கப்படுவது அங்குள்ள கறுப்புத் தொழிலாளிதானே?" என்று பரிவோடு கேட்ட பண்டிதர்களும் இருந்தார்கள். முதலாளிக்குத் தொழிலாளிமேல் இப்படித் திடீர்ப் பாசம் பிறக்கும் நேரத்தை நாம் அறிவோம்! இதற்குப் பதிலைத் தென்னாப்பிரிக்க மக்களின் தலைவர்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்கள். ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவர் ஆல்பர்ட் லுத்துலி, இந்தியர் காங்கிரசின் தலைவர் டாக்டர் ஜி. எம். நாயக்கர் ஆகியோர், லண்டனில் 1959இல் பகிஷ்கார இயக்கம் தொடங்கியபோது, அதற்கு ஆதரவாகக் கூட்டாக அறிக்கை விட்டார்கள். பகிஷ்காரத்தால் எங்களுக்குக் கஷ்டம் வரும்தான். விடுதலையை அது விரைவாக்குமானால் அந்த விலையைத் தரத் தயார் என்பது அதன் சாரம். நாயக்கர் என்ற பெயரைப் படித்த தமிழனுக்கு வேறு விளக்கம் வேண்டுமா? ஆகவே, வேண்டாம் என்றது ஒடுக்கப்பட்டவன். வாங்கு என்றது ஒடுக்கியவனின் வாணிபக் கூட்டாளி. யார் சொல்லைக் கேட்பது என்பதில் என்ன சிக்கல்?

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவோடு வாணிபத்தை முதன்முதலில் முறித்துக்கொண்ட நாடு இந்தியா; ஆண்டு 1946. அங்குக் குடியேறிய நம்மவரின் நில உரிமையைப் பறிக்கும் சட்டம் வந்ததை ஒட்டி எடுத்த முடிவு அது. நாடு இன்னும் விடுதலை பெறவில்லை. ஆனால் அந்த முறிவு வந்துவிட்டது. 'பாய்காட்' என்ற சொல்லைத் தந்ததோ அயர்லாந்து! 1880இல் மேயோ மாவட்டத்தில் பாய்காட் என்னும் நிலப் பிரபுவின் காரியஸ்தருக்கு எவரும் அறுவடைக்கு வரவில்லை, எவரும் பண்டம் விற்கவில்லை. அவர் பெயரே உலக மொழிகளுக்கெல்லாம் ஒரு சொல்லாயிற்று. அந்த மண்ணின் பேத்திகள்தானே இவர்கள்!

அதே 1984இல் கடலுக்கு அப்பால் நடந்ததையும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் தங்கள் சங்கக் கூட்டத்தில் தென்னாப்பிரிக்கா பற்றிய ஒரு படத்தைத் திரையிட்டுப் பார்த்தார்கள். நிறவெறி அரசின் கண்ணில் மண்ணைத் தூவி இரகசியமாக எடுத்த படம் அது. பார்த்துவிட்டு வாக்கெடுத்தார்கள். நவம்பரில் கப்பல் வந்தது. மற்றச் சரக்கையெல்லாம் இறக்கினார்கள். தென்னாப்பிரிக்கச் சரக்கு மட்டும் 11 நாட்கள் கப்பலின் வயிற்றிலேயே கிடந்தது. நீதிமன்றத் தடையாணை வந்த பிறகுதான் அது கரை கண்டது.

டப்ளினுக்குத் திரும்புவோம். 1984 டிசம்பரில் நோபல் பரிசு பெற ஆஸ்லோ போகும் வழியில், டெஸ்மண்டு டூட்டு லண்டனில் இவர்களைச் சந்தித்தார். தம் நாட்டை நேரில் வந்து பார்க்குமாறு அழைத்தார். 1985 ஜூலையில் புறப்பட்டுப் போனார்கள். ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தைத் தாண்ட முடியவில்லை. துப்பாக்கிக் காவலில் எட்டு மணி நேரம் வைத்து, வந்த வழியே அனுப்பிவிட்டது அரசு. நிராயுதபாணிகளான கடைப் பெண்களைக் கண்டு நடுங்கியது, பீரங்கி வைத்திருந்த ஆட்சி! அதுவரை அலட்சியமாகக் கடந்துபோன அயர்லாந்து மக்கள் அன்றுதான் நின்று திரும்பிப் பார்த்தார்கள். தென்னாப்பிரிக்கப் பழங்கள், காய்கறிகள் இறக்குமதிக்கு அயர்லாந்து அரசு விதித்த தடை 1987இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் வேலைநிறுத்தம் முடிந்தது.

1990இல் சிறையிலிருந்து விடுதலையான நெல்சன் மண்டேலா சில மாதங்களில் டப்ளின் வந்தார், இவர்களைச் சந்தித்தார். 1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் எல்லா மக்களும் நிறவேற்றுமையின்றி முதன்முறையாக வாக்களித்தார்கள்.

வெற்றி விழாவோடு இதை முடித்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். வேலைநிறுத்தம் செய்தவள் என்ற பெயர் போகுமிடமெல்லாம் கூடவே வந்தது. மேரி மானிங்குக்குச் சொந்த நாட்டில் வேலை கிடைக்கவில்லை. பிழைப்புத் தேடி ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சில ஆண்டுகள் இருந்தார். கேரன் கியரனுக்கும் வேலை கிடைப்பது அரிதாயிற்று. தூதரகங்களும் தலைவர்களும் பாராட்டிய அந்தப் பெண்களை, வேலைக்கு ஆள் எடுக்கும் அதிகாரி பாராட்டவில்லை. ஹென்றி தெருவில் அவர்கள் நின்ற இடத்தில் ஒரு நினைவுப் பலகை வைக்கப்பட்டது, 2008இல். அந்த இரண்டு பழங்களுக்குப் பில் போட மறுத்த நாளிலிருந்து அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள்.