பட்டாளத்திலிருந்து திரும்பியவருக்கு ஓர் அலுவலகம்

பட்டாளத்துக்குப் போய் வந்தவர் ஒருவராவது இல்லாத ஊர் குறைவு. சிப்பாயாகச் சேர்பவர் 18, 20 வயதில் போகிறார். பெரும்பாலோர் 35, 40 வயதிலேயே திரும்பிவிடுகிறார்கள். மற்ற அரசு வேலைகளில் ஓய்வு பெறும் வயது 58 அல்லது 60. பட்டாளத்துக்காரர் திரும்பும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருப்பார்கள். கையில் இருப்பது பென்சன்தான். சாதாரணமாக அதைப் பெறவும் சிப்பாய்க்கு 15 ஆண்டு பணி வேண்டும். கை கால் இழந்து திரும்புவோர் உண்டு. திரும்பாமலே போனவர்களும் உண்டு. இவர்களையும் இவர்கள் குடும்பங்களையும் கவனிக்கவே கேந்திரிய சைனிக் போர்டு இருக்கிறது. தமிழில் சொன்னால், மத்திய படைவீரர் வாரியம்.

இது எப்படி வந்தது?

முதல் உலகப் போர் 1914இல் தொடங்கியது. அப்போது நம் நாட்டை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அவர்கள் கடல் கடந்து போருக்கு அனுப்பினார்கள். பிரான்சின் குளிரிலும் ஈராக்கின் வெயிலிலும் நம் கிராமத்துப் பையன்கள் சண்டையிட்டார்கள். அந்தப் போரில் சுமார் 74,000 இந்தியர்கள் மாண்டார்கள். சிப்பாய்களின் வீடுகளில் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இல்லை. மகன் இறந்த செய்தி வந்தால், பாக்கிச் சம்பளத்தை யாரிடம் கேட்பது? பென்சனுக்கு எங்கே மனுப்போடுவது? ஒன்றும் தெரியாது.

போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1917 செப்டம்பரில், ‘இந்தியப் படைவீரர் வாரியம்’ அமைக்கப்பட்டது. பணி முடித்தவர்கள், இறந்தவர்களின் குடும்பங்கள் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்வது அதன் வேலை. இது இரக்கத்தால் மட்டும் வந்தது என்று எண்ண வேண்டாம். திரும்பி வந்தவன் தெருவில் நின்றால், அடுத்த வீட்டுப் பையன் பட்டாளத்தில் சேருவானா? அதே 1917இல் ஊனமுற்ற சிப்பாய்களுக்குத் தொழில் கற்பிக்க பம்பாயில் ஒரு பள்ளி தொடங்கியது. அரசி மேரியின் பெயர் கொண்ட அந்தப் பள்ளி, பின்னர் புணே அருகே கட்கிக்கு மாறியது.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். போர் 1945இல் முடிந்தது. அதன்பின் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். நான்கைந்து ஆண்டுதான் வேலை செய்திருந்ததால், அவர்களில் மிகப் பலருக்குப் பென்சன் கிடையாது. இந்த மனிதர்களின் கதையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

அந்தப் போரில் கடற்படையும் விமானப்படையும் பங்கெடுத்தன. ஆகவே வாரியத்தின் பெயரில் அவையும் சேர்ந்தன. 1951இல் அதன் பெயர் ‘படைவீரர், கடற்படையினர், விமானப்படையினர் வாரியம்’. சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்! 1975இல்தான் கேந்திரிய சைனிக் போர்டு என்ற சின்னப் பெயர் வந்தது. பாதுகாப்பு அமைச்சர் அதன் தலைவர். மாநிலந்தோறும் ஒரு வாரியம், நாடெங்கும் சுமார் 400 மாவட்ட அலுவலகங்கள் என்று இருக்கின்றன. தமிழ்நாட்டில் இதை முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்பார்கள்.

டிசம்பர் 7 அன்று சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னக் கொடியைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதில் சிவப்பு தரைப்படைக்கு, கருநீலம் கடற்படைக்கு, வெளிர்நீலம் விமானப்படைக்கு. இந்தக் கொடி நாள் 1949 முதல் நடக்கிறது. உண்டியலில் விழும் காசு படைவீரர் குடும்பங்களுக்கே போகிறது. பல பெயர்களில் இருந்த நிதிகள் 1993இல் ஒரே கொடி நாள் நிதியாக ஆயின. பென்சன் இல்லாத, 65 வயது கடந்த ஏழை முன்னாள் வீரருக்கும் அவருடைய விதவைக்கும் இந்த நிதியிலிருந்து மாத உதவி உண்டு. ஹவில்தார் பதவி வரை இருந்தவர்களுக்கு இது கிடைக்கும். 4,000 ரூபாயாக இருந்த இந்த உதவி 2025இல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மருத்துவத்துக்கு 2003இல் தனித் திட்டம் வந்தது. முன்னாள் படைவீரர் நலனுக்கென்று மத்திய அரசில் 2004இல் தனித் துறையும் வந்தது. ஆனால் மருத்துவத் திட்டம் பென்சன் வாங்குவோருக்கு மட்டும் என்று இருந்தது. இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டுப் பென்சன் இல்லாமல் திரும்பினார்களே, அவர்கள் வெளியே நின்றார்கள். அவர்களையும் சேர்த்துக்கொள்ள 2019இல்தான் முடிவானது. போர் முடிந்து 74 ஆண்டு ஆகியிருந்தது. அதற்குள் எத்தனை பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்?

இந்தக் கேள்வி பழங்கதை அல்ல. 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் சிப்பாயாகச் சேர்பவருக்குப் பணிக்காலம் 4 ஆண்டுதான். அவர்களில் 25 சதவீதம் பேர் வரைதான் தொடர்ந்து பணியில் எடுக்கப்படுவார்கள். மற்றவர்கள் மொத்தமாக ஒரு தொகையுடன் வீடு திரும்புவார்கள். பென்சன் கிடையாது.

காகிதம் முக்கியம்

மாவட்ட அலுவலகத்துக்கு வரும் சிக்கல்களில் பல, பெயரில் தொடங்குகின்றன. சிப்பாய் லீவில் வந்து கல்யாணம் செய்துகொள்கிறார். அதைத் தன் படைப்பிரிவுக்கு எழுதித் தெரிவிக்காமல் விட்டுவிடுகிறார். அல்லது அங்கே ‘லட்சுமி’ என்று பதிவாகிறது, ரேஷன் கார்டில் ‘முத்துலட்சுமி’ என்று இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அவர் இறந்தபின் குடும்பப் பென்சன் கேட்டுப் போகும்போதுதான், “இந்த அம்மா யார்?” என்ற கேள்வி வருகிறது.

ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஓர் ஆவண அலுவலகம் உண்டு. மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. பெயரைச் சேர்க்கவும் திருத்தவும் அங்கேதான் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை எழுத உதவுவதும், வேண்டிய சான்றுகளைச் சேர்த்து அனுப்புவதும் மாவட்ட அலுவலகத்தின் வேலைகளில் ஒன்று. போகும்போது டிஸ்சார்ஜ் புத்தகம், பென்சன் உத்தரவு, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துப்போக வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி, பிள்ளைகள் பெயர்கள் இருக்கும். கணவர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பக்கத்தைத் திறந்து, தன் பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று மனைவி ஒருமுறை படித்துப் பார்த்துவிடலாம்.