‘முடிவு சரியில்லை’ என்று எழுதினால் போதுமா? பொன்னியின் செல்வன் ஐந்தாம் பாகத்தை முன்வைத்து



“டீச்சர், அஞ்சு பாகமும் படிச்சிட்டேன். கடைசி வரைக்கும் யாரு கொன்னாங்கன்னு சொல்லவே இல்ல. ஏமாத்திட்டாரு!”

சுங்கை பட்டாணி பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் என் படிவம் 5 மாணவி சொன்னது இது. “அது வரலாற்று நாவல்லா, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த பயிற்சியில் அவள் எழுதியது ஒரே வரி: “நாவலின் முடிவு சரியில்லை.” 293 அத்தியாயங்களைப் படித்த பிள்ளைக்கு என்னால் புள்ளி போட முடியவில்லை. ஏமாற்றத்தை விடையாக மாற்ற நான் சொல்லிக் கொடுக்காததுதான் காரணம்.

தேர்வுக்கு எந்த நாவல் வந்தாலும் முடிவை மதிப்பிடும் முறை ஒன்றுதான். 2022, 2023இல் வந்த படங்களைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் பலர் இந்த நாவலைத் தேடுவதால், இதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

1. ஏமாற்றம் எங்கே இருக்கிறது?

கல்கி இக்கதையை 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக எழுதினார். கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் இருட்டில் கொல்லப்படுகிறான். நந்தினியா, ரவிதாசனா, பெரிய பழுவேட்டரையரா? பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. பிறகு பெரிய பழுவேட்டரையர் அதைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். ஆனாலும் வாசகர் மனத்தில் சந்தேகம் தீர்வதில்லை.

துப்பறியும் கதை படிப்பதுபோலப் படித்தவருக்கு இது ஏமாற்றந்தான். அன்றைய வாசகர்களும் கதை சட்டென்று முடிந்துவிட்டதாகக் குறைப்பட்டார்கள். கல்கி தனியாக ஒரு முடிவுரையே எழுதி, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆகவே மாணவர் இப்படிச் சொன்னால் அதைத் தப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

2. ஏன் அப்படி முடித்தார்?

கொலை நடந்தது உண்மை. உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று குறிக்கிறது. ஆனால் ஏன் கொன்றார்கள், பின்னால் யாராவது இருந்தார்களா என்று அது சொல்லவில்லை. அறிஞர்களே இதில் ஒத்துப்போகவில்லை. கல்கி அந்த இருட்டை இருட்டாகவே விட்டார்.

இன்னொரு காரணம் தலைப்பிலேயே இருக்கிறது. ஐந்தாம் பாகத்தின் பெயர் ‘தியாகச் சிகரம்’. மற்ற பாகங்கள் 46 முதல் 57 அத்தியாயங்கள் வரை. இதற்கு மட்டும் 91. ஆகவே இடம் போதாமல் கொலை மர்மத்தை விட்டார் என்று சொல்ல முடியாது. கதை போய்ச் சேருமிடம், அருள்மொழிவர்மன் தனக்கு வந்த மணிமகுடத்தை உத்தம சோழனுக்குக் கொடுக்கும் காட்சி. ‘கொன்றது யார்?’ என்பது கதையின் சிக்கல்களில் ஒன்று. ‘மகுடம் யாருக்கு?’ என்பதுதான் மையச் சிக்கல். அது அவிழ்ந்துவிடுகிறது.

3. விடையில் எப்படி எழுதுவது?

மூன்று படி போதும்.

முதல் படி: எந்தச் சிக்கல் தீர்ந்தது, எது தீரவில்லை என்று பிரித்துச் சொல்லுங்கள்.
இரண்டாம் படி: ஒவ்வொன்றுக்கும் கதையிலிருந்து ஒரு நிகழ்வைச் சான்றாகக் காட்டுங்கள்.
மூன்றாம் படி: கருப்பொருளோடு பொருத்தி உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.

மாதிரி: “ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பது தெளிவாகாததால் இந்நாவலின் மர்மக் கூறு நிறைவு பெறவில்லை. எனினும், அருள்மொழிவர்மன் மகுடத்தை விட்டுக்கொடுப்பதால் தியாகம் என்னும் கருப்பொருள் முழுமை பெறுகிறது. எனவே, கதைப்பின்னல் நோக்கில் குறையுடையதாகத் தோன்றும் முடிவு, கருப்பொருள் நோக்கில் பொருத்தமானதே.”

‘குறைதான்’ என்று முடித்தாலும் பரவாயில்லை. சான்று இருந்தால் அதுவும் நல்ல விடையே.

4. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறைக் குறிப்பு

கதை முடிந்த இடத்தில் வரலாறு முடியவில்லை. விட்டுக்கொடுத்த மகுடம் 985இல் இராசராசனாக அருள்மொழியிடமே திரும்பியது. அவர் மகன் இராசேந்திரனின் கப்பற்படை 1025இல் கடாரம் வந்தது. அந்தக் கடாரம் நம் கெடாதான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கு மாணவரை அழைத்துப் போய், “கல்கி நிறுத்திய இடத்திலிருந்து நீ எழுது” என்று சொல்லிப் பாருங்கள்.

நான் அந்த மாணவியிடம் அதைத்தான் சொன்னேன். இந்த முறை மூன்று பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். முதல் வரி இன்னும், “முடிவு எனக்குப் பிடிக்கவில்லை” என்றுதான் இருந்தது. அடுத்த வரி, “ஏனென்றால்” என்று தொடங்கியது.