நிற்கும் இடம் தெரிந்த துணிக்கை

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே போனால் புல்மோட்டைக் கரையில் மணல் கறுத்துக் கிடக்கும். இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கோன் என்று ஏற்றுமதிக்கு அள்ளப்படும் அந்த மணலில் மொனசைட்டும் சிறிதளவு உண்டு; மொனசைட்டுக்குள் தோரியம். தோரிய அணு சிதையும்போது அல்பா துணிக்கை ஒன்று வெளியே பாயும். இரண்டு புரோத்தனும் இரண்டு நியூத்திரனும் இறுகிய சிறு பொதி அது. காற்றில் சில சென்ரிமீற்றர் ஓடி நின்றுவிடும். ஒரு கடதாசித் தாளே அதை மறித்துவிடும்.

இப்படி நின்றுவிடும் குணத்தைத்தான் இன்று புற்றுநோய் மருத்துவம் கையில் எடுத்திருக்கிறது.

1904இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் வில்லியம் ஹென்றி பிராக், ரேடியத்திலிருந்து வரும் அல்பா துணிக்கைகள் காற்றில் எவ்வளவு தூரம் போகின்றன என்று அளந்துகொண்டிருந்தார். அவை தம் சக்தியைப் பாதையெங்கும் ஒரே அளவாகச் செலவிடவில்லை. நிற்கப் போகும் தறுவாயில்தான் மிக அதிகமாகக் கொட்டின. வேகம் குறையக் குறைய, வழியிலுள்ள ஒவ்வோர் இலத்திரனின் அருகிலும் துணிக்கை தங்கும் நேரம் கூடுகிறது. அதனால் அந்த இலத்திரனைப் பிடுங்கி எறிவதும் எளிதாகிறது. முடிவில் வரும் இந்த உச்சத்துக்குப் பிராக் உச்சி என்று பெயர்.

ஐதரசன் அணுவின் கருவான தனிப் புரோத்தனும் இப்படித்தான் நடந்துகொள்ளும். அமெரிக்க இயற்பியலாளர் றொபேட் வில்சன் 1946இல் இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். 1954இல் பேர்க்லியில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது.

எக்ஸ்கதிர் இப்படி நிற்பதில்லை. கட்டியைத் தாக்கிய பிறகும் உடலின் மறுபக்கம்வரை ஊடுருவிப் போகும். பெரியவர்களின் பல புற்றுநோய்களில், பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி இதைச் சமாளித்துவிடலாம். பிள்ளைகளின் கதை வேறு. மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் சிறுமூளைக் கட்டிக்கு மூளையோடு முழு முதுகுத்தண்டுக்கும் கதிர் கொடுக்க வேண்டிவரும். எக்ஸ்கதிரானால் முதுகெலும்பைக் கடந்து இதயம், நுரையீரல், தைரொயிட்டு, குடல் எல்லாவற்றிலும் படும். புரோத்தனை முள்ளந்தண்டோடு நிறுத்திவிடலாம். இன்னும் அறுபது, எழுபது வருடம் வாழவேண்டிய உடம்புக்கு இது சின்ன விடயம் அல்ல.

இலங்கையில் புரோத்தன் சிகிச்சை நிலையம் இல்லை. நமக்குக் கிட்ட இருப்பது திருகோணமலையிலிருந்து சுமார் 500 கிலோமீற்றர் வடக்கே, சென்னை தரமணியில் 2019 ஜனவரியில் திறக்கப்பட்ட அப்பலோ புரோத்தன் புற்றுநோய் நிலையம்; தெற்காசியாவில் முதலாவது. அங்கே சைக்கிளோத்திரன் என்னும் ஆர்முடுக்கி, புரோத்தனை 230 மில்லியன் இலத்திரன்வோல்ற்று சக்தி வரை முடுக்குகிறது. அப்போது அதன் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 60 சதவீதம். அந்தச் சக்தியோடு உடலுக்குள் 30 சென்ரிமீற்றருக்கு மேல் போகலாம். 70 மில்லியனாகக் குறைத்தால் 4 சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். சக்தியைப் படிப்படியாக மாற்றி, காந்தங்களால் கற்றையைத் திருப்பி, கட்டியை அடுக்கடுக்காக நிரப்புகிறார்கள்.

இவ்வளவு துல்லியமே சிலவேளை பாதகமாகவும் முடியலாம். நோயாளி மெலிந்தாலோ குடலில் காற்று நிறைந்தாலோ, உச்சி விழும் இடம் சில மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். அதனால் இடையிடையே ஸ்கான் எடுத்துத் திட்டத்தைத் திருத்துவார்கள்.

மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ கிடைக்கும் கதிர்ச் சிகிச்சையை இரண்டாந்தரமாக எண்ணிக் கடன்பட்டுச் சென்னைக்கு ஓடத் தேவையில்லை. கதிர்ச் சிகிச்சை தேவைப்படும் பெரும்பாலான புற்றுநோய்களுக்கு எக்ஸ்கதிரே போதும். புரோத்தன் சிகிச்சை வாரத்தில் ஐந்து நாள் வீதம் பல வாரம் நீளலாம். செலவோடு தங்குமிடமும் பிரிவும் சேரும். ஆனால் பிள்ளைக்கு மூளையிலோ, முதுகுத்தண்டை ஒட்டியோ, கண்ணுக்குள்ளோ, மண்டையோட்டின் அடியிலோ கட்டி என்றால், சிகிச்சை தொடங்குமுன் புற்றுநோய் வைத்தியரிடம் பெற்றோர் கேட்கவேண்டியது ஒன்று உண்டு: கட்டிக்குப் பின்னால் இருக்கும் எந்த உறுப்பில் கதிர் படும், அதைத் தவிர்க்க புரோத்தன் உதவுமா?