கணக்கும் காப்புப் படியும்

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று கீழே நோக்குவோர், மண்ணை வெட்டும் பெரும் பொறிகளையே முதலில் காண்பர். எளிதில் கண்ணுக்குப் புலப்படாத பணி ஒன்றும் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பேரழுத்தத்துடன் நிலத்தடி நீர் தேங்கியுள்ளது. அதனை இரவும் பகலும் இறைத்தால்தான் தொழில் நடைபெறும். இறைப்பு நின்றால் நீர் அடித்தரையைப் பிளந்துகொண்டு மேலெழும். “இன்று மறந்துவிட்டோம், நாளை இறைப்போம்” என்னும் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

மறதிக்கு இடங்கொடாத இத்தகைய ஏற்பாடு வீட்டுக் கணக்குக்கும் உண்டு. வரவு செலவுகளை இக்காலத்தில் பலர் கணிப்பொறியில் எழுதி வைக்கின்றனர். அதற்கென உள்ள மென்பொருள்கள், நாம் ஏவாமலே, கணக்கிற்குப் படியெடுத்து வைக்கின்றன. அப்படியையே காப்புப் படி என்கிறோம்.

படியெடுத்தல் தமிழருக்குப் புதிதன்று. ஓலை செல்லரிக்கும், முறியும்; ஆதலின் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வந்தனர். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கினார். ஏடுகள் எல்லாம் ஒரே வீட்டுப் பரணில் இருந்திருப்பின், ஒரு தீயோ ஒரு வெள்ளமோ அனைத்தையும் அழித்திருக்கும். மாணவர்களே, இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

குனுகேஷ் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். விலையின்றிக் கிடைப்பது, 1998ஆம் ஆண்டில் அதன் முதற்பதிப்பு வெளிவந்தது. அதன் அமைப்புகளில் இரண்டு நமக்கு வேண்டியவை. ஒன்று, எத்தனை நிமிடங்களுக்கு ஒருமுறை கணக்கைத் தானே சேமிக்க வேண்டும் என்பது. நாம் மாற்றாவிடின் அஃது ஐந்து நிமிடம். சேமிக்குந்தோறும் முந்தைய நிலையின் படி ஒன்று தனிக் கோப்பாக நிற்கும். அக்கோப்பின் பெயரில் 20111229201500 என்பது போன்ற நீண்ட எண் காணப்படும். அச்சங்கொள்ள வேண்டா. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஆகியன இடைவெளியின்றி எழுதப்பட்டுள்ளன. 2011 டிசம்பர் 29, இரவு 8 மணி 15 நிமிடம் என்பதே அதன் பொருள்.

மற்றொன்று, இப்படிகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பது. இயல்பாக 30 நாள். அதனினும் பழையவற்றை மென்பொருளே நீக்கிவிடும். இவ்விடத்தில்தான் பலர் ஏமாந்து போகின்றனர். சனவரி முதல் நாள் ஒரு பதிவைத் தவறாக அழித்துவிட்டு, பிப்ரவரி 15ஆம் நாள் அதனை உணர்ந்தால் என் செய்வது? எஞ்சியுள்ள படிகள் எல்லாம் பிழைக்குப் பின்னர் எழுந்தவை. பிழையையே அவை உண்மையாகச் சுமந்து நிற்கும். ஆதலின் மாதந்தோறும் கணக்கைச் சரிபார்க்காதவர் 30 நாள் என்பதை 90 நாளாகவேனும் உயர்த்துதல் நன்று. எக்காலத்தும் வைத்திருக்கச் செய்யும் வழியும் உண்டு. ஆயின் கோப்புகள் குவிந்து, வேண்டியதைத் தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

இனி இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தானியங்கிப் படிகள் மூலக் கணக்கு இருக்கும் அதே அடைவில் அமர்கின்றன. இதன் பொருளை நான் நூலில் கற்கவில்லை.

அடுத்த வட்டத்தில் கணவரை இழந்த அம்மையார் ஒருவர் இருந்தார். தையல் வேலையில் மிஞ்சிய பணத்தை, மகள் திருமணத்திற்கென்று, என்னிடம் சிறிது சிறிதாகக் கொடுத்து வைப்பார். சில வேளை திரும்பப் பெறுவதும் உண்டு. அது என் அஞ்சலகச் சேமிப்பில் என் பணத்தோடு கலந்திருந்தது. அங்ஙனம் கலந்து வைத்ததும் என் பிழையே. அவருடைய பங்கு இவ்வளவு என்று கூறுவது என் கணிப்பொறி ஒன்றுதான்.

2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாத் தோப்புகளும் முந்திரித் தோப்புகளும் சாய்ந்தன. என் வீட்டுச் சாளரக் கண்ணாடி உடைந்து மேசை முழுதும் மழை நீர் பாய்ந்தது. மின்சாரம் மீண்ட பிறகும் கணிப்பொறி எழவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட காப்புப் படிகள் இருந்தன. அனைத்தும் அதே வட்டினுள் இருந்தன.

அவரிடம் சென்று நிகழ்ந்ததைக் கூறி, என் நினைவிலிருந்து ஒரு தொகையையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து, சுருட்டிக் கட்டிய பழைய மாத நாட்காட்டிகளை எடுத்தார். நாள் எண்களுக்குக் கீழே, பென்சிலால், ‘ஐயாவுக்கு 300’, ‘வாங்கியது 150’ என்று நான்கு ஆண்டுக் கணக்கும் இருந்தது. “கூட்டிப் பாருங்கள், ஐயா” என்றார். மூன்று மாலை அமர்ந்து கூட்டினேன். நான் சொன்ன தொகையைவிட 1,700 ரூபாய் கூடுதலாக வந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கணக்கின் படி ஒன்றை விரலியில் ஏற்றுகிறேன். அவ்விரலி வடலூரில் என் மகள் வீட்டில் இருக்கும், மற்றொன்று என்னிடம் இருக்கும், போகும்போதெல்லாம் மாற்றிக்கொள்வோம். மாதம் ஒருமுறை அவள் தன் கணிப்பொறியில் அதனைத் திறந்து, கடைசி இருப்புத் தொகையைத் தொலைபேசியில் படிக்கிறாள். நான் இங்குள்ள கணக்கோடு ஒப்பிடுகிறேன். ஒருமுறை கோப்பு திறக்கவில்லை. அன்று மாலையே பேருந்தேறிப் புதிய படியைக் கொண்டு சேர்த்தேன்.